கல்லாற்றில் கற்ற பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் அறிஞர் பெருமக்கள் இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். இவ்வாண்டு, அன்றாட வாழ்வின் மன உளைச்சலுக்கு ஆயுர்வேதம் காட்டும் வழி யாது என்பது பற்றிப் பேசுமாறு ஓர் இரயில்வே எழுத்தரைப் பணித்திருக்கிறீர்கள். யாம் வைத்தியரும் அல்லோம், புலவரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இருபது ஆண்டுகளாகச் சீட்டு வழங்கும் சாளரத்தின் பின்னே அமர்ந்து பிழைத்து வருகிறோம். ஆகவே, நோயாளியாக இருந்து கற்றதை மட்டுமே கூறுவோம். வைத்தியர் சொல்லுக்கு அடுத்தபடியாக, நோயுற்றுத் தேறியவன் சொல்லுக்கும் சிறிது மதிப்பு உண்டு அன்றோ?

எம் தொழிலை உங்களுள் பலரும் சாளரத்தின் வெளியே நின்று கண்டிருப்பீர்கள். வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும். வரிசையில் நாற்பது பேர் நிற்பர். ஒருவர் சில்லறை கேட்பார், ஒருவர் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்வார், ஒருவர் எம்மைப் பார்த்து, “உறங்குகிறீரா?” என்று வினவுவார். ஒரு வாரம் பகற்பணி, மறு வாரம் இரவுப்பணி. இவ்வாறே ஆண்டுகள் கழிந்தன. நான்கு ஆண்டுகட்கு முன், ஓணத்திற்கு முந்திய வாரத்தில், கூட்டம் மிகுந்த ஓர் இரவில் கணக்கு முடிக்கையில் 2,000 ரூபாய் குறைந்தது. எங்கே தவறினோம் என்பது இன்றுவரை விளங்கவில்லை. குறைந்த தொகையை எம் கையிலிருந்தே கட்டினோம்.

பணம் போயிற்று, அத்துடன் உறக்கமும் போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு நோட்டையும் மும்முறை எண்ணத் தொடங்கினோம். வீட்டிற்கு வந்து படுத்தாலும் விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்தன. உண்ட சோறு செரிக்கவில்லை. சிறு சொல்லுக்கும் சினம் பொங்கிற்று. மருத்துவரிடம் காட்டியபோது இரத்த அழுத்தம் 160-க்கு 100 என்றார்; மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது கூட எம்மை வருத்தவில்லை. ஒரு மாலை, அடுத்த அறையில் ஒன்பது வயதான எம் மகள் தன் தாயிடம், “அம்மா, இப்போது அப்பாவிடம் பேசலாமா?” என்று மெல்லக் கேட்டது எம் செவியில் விழுந்தது. தந்தையிடம் பேசத் தாயிடம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டிய நிலைக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்து விட்டோமே என்று அன்று நாணினோம்.

நாணியவன் செய்த முதற்செயல் யாது? கடைக்குச் சென்று, களைப்பை நீக்கி ஊக்கம் தரும் என்று மேலே எழுதியிருந்த இலேகியப் புட்டி ஒன்றை வாங்கினோம். ஒரு கரண்டி உண்ணச் சொன்னால் இரண்டு கரண்டி உண்டோம். உண்டுவிட்ட துணிவில், விடுப்பெடுத்த தோழர்க்காக மேலும் ஓர் இரவுப்பணியையும் ஏற்றுக்கொண்டோம். ஒரு மாதத்தில் புட்டி தீர்ந்தது; உளைச்சல் தீரவில்லை.

அந்நாளில்தான் நம் மாவட்டத்து மலையில் விளையும் ஒரு செடியின் வரலாற்றைப் படித்தோம். அதனை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

1987-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அறிஞர் புஷ்பாங்கதன் அவர்களின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அகத்திய மலைக் காட்டினுள் சென்றது. மலைவாழ் மக்கள் அறிந்த செடிகொடிகளை ஆராய்வது அக்குழுவின் நோக்கம். வழிகாட்டிகளாகக் காணி மக்கள் சிலர் உடன் சென்றனர். ஏற்றத்தில் அறிஞர்கள் மூச்சு வாங்கித் தளர்ந்தனர். காணிகளோ தளராமல் நடந்தனர். இடையிடையே அவர்கள் ஏதோ சிறு காய்களை வாயிலிட்டு மெல்லுவதைக் கண்டு வினவியபோது, அறிஞர்க்கும் அக்காய்களைக் கொடுத்தனர். உண்டவர்கள் புத்துணர்ச்சி பெற்றனர். எந்தச் செடி என்று சொல்லக் காணிகள் முதலில் தயங்கினர்; அது அவர்தம் குலத்திற்குரிய மறைபொருள். பின்னர் நம்பிக்கை கொண்டு காட்டினர். நீரோடைக் கரையில், மர நிழலில், இதய வடிவான இலைகளுடன் தரையோடு தாழ்ந்து வளரும் சிறு செடி அது. ‘ஆரோக்கியப் பச்சை’ என்ற பெயரால் இன்று உலகம் அதனை அறியும். நூலோர் அதனை ‘டிரைக்கோபஸ் சைலானிக்கஸ்’ என்பர்.

பாலோட்டில் 1979-இல் நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் அச்செடியை ஆராய்ந்தனர். சுண்டெலிகளை நீந்தவிட்டுச் சோதித்து, களைப்பைத் தாங்கும் ஆற்றலை அது தருகிறது என்று கண்டனர். அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விட்டுணுகிராந்தி ஆகியவற்றையும் கூட்டி ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். 1995-இல் அதனைச் செய்து விற்கும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுக் காலத்திற்கு வழங்கப்பட்டது.

இதனைப் படித்ததும் எம் பேதை மனம் என்ன எண்ணிற்று, தெரியுமா? புட்டியில் அடைத்ததை உண்டதால்தான் பயன் கிட்டவில்லை; அந்தக் காயையே நேரில் பெற்று உண்டால் எத்தனை இரவுப்பணி வந்தாலும் தாங்கலாம் என்று எண்ணிற்று. வார ஓய்வு நாளன்று விடியலில் பேருந்தேறிக் கல்லாற்றுக்குப் புறப்பட்டோம்.

கல்லாறு இந்நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. ஊருக்கும் ஆற்றுக்கும் பெயர் ஒன்றே. வாமனபுரம் ஆற்றின் தலைநீர்களுள் அதுவும் ஒன்று. பெயருக்கேற்ப அதன் வழியெங்கும் உருண்டு திரண்ட கற்கள்; அவற்றினிடையே பளிங்கு போன்ற நீர். அவ்விடம் கடந்து 22 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. காண இனிய ஆறாயினும், மேலே மழை பெய்தால் நொடியில் வெள்ளம் பெருகும். பலர் உயிரிழந்த ஆறு அது. குழந்தைகளுடன் செல்வோர் கரையில் அமர்ந்து மகிழ்ந்து திரும்புதலே நன்று.

ஆற்றோரத்துத் தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். காணி இனத்தவர். அவர் பேச்சு பாதி தமிழாகவும் பாதி மலையாளமாகவும் இருந்தது. எமக்கு அது எம் ஊர்ப் பேச்சைப் போலவே ஒலித்தது. யாம் பிறந்தது அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூர். பாபநாசத்து மலையிலும் காணிகள் உண்டு. இளமையில் எம் வீட்டு மேற்றிசையில் கண்ட பொதிகை மலையே, இன்று இந்நகரத்தின் கிழக்கில் நிற்கிறது. இருபுறத்துக் காணிகளுக்கும் அம்மலையும் அங்குறையும் அகத்தியருமே தெய்வம்.

நலம் உசாவிய பின், அந்தக் காய் சிறிது கிடைக்குமா என்று கேட்டோம். முதியவர் எம்மை மேலும் கீழும் நோக்கி, “எந்த மலைக்கு நடக்கப் போகிறீர்கள், சாரே?” என்றார்.

எம்மலைக்கும் நடக்கப் போவதில்லை. எமக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. இரவில் விழித்திருக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறோம் என்றோம்.

அவர் சிரித்தார். “அது நடக்கிறவனுக்கு உள்ள காய் அல்லவா? நடந்து போய்ச் சேர்ந்தால் அவன் இருட்டுவதற்கு முன் உண்டு உறங்கிவிடுவான். உறங்காதவனுக்கு அது எதற்கு?” என்றார். காட்டிலிருந்து அதனைப் பறித்து விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னார். பிறகு எமக்கும் சேர்த்துத் தேநீருக்குப் பணம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வந்த காரியம் கைகூடவில்லை. எனினும், ஆற்றங்கரையில் ஒரு கல்லின்மேல் அமர்ந்து அவர் சொன்னதை எண்ணிக்கொண்டிருந்தோம். காணிகள் அக்காயை உண்பது களைப்பைக் கடந்து ஓரிடம் போய்ச் சேர்வதற்கு. சேர்ந்தபின் ஓய்வு உண்டு. யாம் அதனைத் தேடியதோ ஓய்வு என்பதே இல்லாமல் ஓடுவதற்கு. வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் செங்கொடி காட்டுகிறார்கள். கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் வழி சீராகிவிடுமா? களைப்பு என்பது உடல் காட்டும் செங்கொடி. யாம் இரண்டு கரண்டி இலேகியத்தால் அக்கொடியைப் பிடுங்கி எறிந்து கொண்டிருந்தோம்.

இற்றை நாள் அறிவியலும் இதனையே வேறு மொழியில் கூறுகிறது. 1936-இல் ஹான்ஸ் செலி என்னும் அறிஞர், எலிகளை ஆராய்ந்து, இடர் எதுவாயினும் உடல் ஒரே வகையாக எதிர்வினை ஆற்றுகிறது என்று எழுதினார். முதலில் அபாய மணி அடிக்கும். பின் உடல் எதிர்த்து நிற்கும். இடர் நீங்காவிடில் இறுதியில் சோர்ந்து வீழும். புலி துரத்தினாலும், சாளரத்தின் முன் நாற்பது பேர் நின்றாலும், நெஞ்சு ஒரே விதமாகத்தான் துடிக்கிறது. புலி போய்விட்டால் மான் மீண்டும் மேயத் தொடங்கும். மனிதனோ வீட்டிற்கு வந்தும் புலியை நினைத்துக்கொண்டே படுக்கிறான்.

மறு வாரம் அரசு ஆயுர்வேத மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றோம். இந்நகரத்தில் ஆயுர்வேதக் கல்வி 1889 முதலே அரசின் ஆதரவில் நடந்து வருகிறது என்பது நமக்கெல்லாம் பெருமை தருவது. அங்கிருந்த வைத்தியர் அம்மையார் நாடி பார்க்குமுன், எத்தனை மணிக்கு உண்கிறீர்கள், எத்தனை மணிக்கு உறங்குகிறீர்கள், கடைசியாக எப்போது எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்கள் என்று கேட்டார். மூன்றுக்கும் எம்மிடம் விடை இல்லை. “இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், அதைக் கொடுத்த மருத்துவரிடம் கேளாமல் குறைக்கவும் வேண்டா. நான் தருவது மருந்து அன்று, நாள் ஒழுங்கு” என்றார் அவர்.

அவர் கூறிய ஒழுங்குகள் வாக்படர் இயற்றிய அஷ்டாங்க இருதயம் என்னும் நூலில் உள்ளவை. ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அந்நூலைக் கேரள வைத்தியர்கள் தலைமேற் கொண்டு போற்றுவர். பின்னர் நூல்நிலையத்தில் மலையாள உரையுடன் அதனை எடுத்து யாமும் இயன்ற அளவு படித்தோம். அதில் எமக்குப் பயன்பட்ட சிலவற்றை மட்டும் கூறுகிறோம்.

முதலாவது, உறக்கம். உணவு, உறக்கம், அடக்கமான ஒழுக்கம் ஆகிய மூன்றும் உடலைத் தாங்கும் தூண்கள் என்பது ஆயுர்வேதத்தின் கொள்கை. இரவில் விழித்தே ஆக வேண்டியவன் என் செய்வது? அதற்கும் விதி உண்டு. வழக்கத்திற்கு மாறாக எத்தனை நாழிகை விழித்தானோ, அதில் பாதி நேரம் மறுநாள் காலையில், உண்ணாமல் உறங்க வேண்டுமாம். இரயில்வேயும் இரவுப்பணியும் தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகட்கு முன் வாழ்ந்த ஒருவர், எமக்கென்றே எழுதியது போல் இருந்தது! யாமோ அதுவரை பணி முடிந்து வந்து, பத்து இட்டிலிகளை உண்டு, கைப்பேசியை நோக்கியபடி நண்பகல்வரை புரண்டு கொண்டிருந்தோம்.

இரண்டாவது, எண்ணெய். நாள்தோறும் எண்ணெய் பூசுதல் முதுமையையும் களைப்பையும் வாதத்தையும் விலக்கும் என்றும், முழு உடலுக்கும் இயலாவிடில் தலை, செவி, பாதம் ஆகியவற்றிற்கேனும் சிறப்பாகப் பூச வேண்டும் என்றும் நூல் கூறும். நம் முன்னோர் ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் வகுத்து வைத்தனர். எமக்கு ஓய்வு நாள் எதுவோ அதுவே சனி. ஏனைய நாட்களில் படுக்குமுன் உள்ளங்காலில் சிறிது நல்லெண்ணெய். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. நேரம் ஐந்து நிமிடம். செரியாமை உள்ளபோதும் சளி மிகுந்தபோதும் இது ஆகாது.

மூன்றாவது, நடை. உடற்பயிற்சியைத் தன் வலிமையில் பாதியளவே செய்ய வேண்டும் என்பது விதி. முழு வலிமையும் தீரும்வரை எதனையும் செய்யாதே என்பதே அதன் உட்பொருள். நிலையத்திலிருந்து வீடுவரை இரண்டு கிலோமீட்டரும் இப்போது நடந்தே வருகிறோம். சாளரத்தில் கேட்ட சுடுசொற்கள் வீடு வருவதற்குள் வழியிலேயே உதிர்ந்து விடுகின்றன.

நான்காவது, அடக்கக் கூடாதவையும் அடக்க வேண்டியவையும். எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது இதுவே. பசி, நீர்வேட்கை, உறக்கம், கண்ணீர், உழைத்தபின் வாங்கும் பெருமூச்சு முதலிய 13 இயற்கை உந்துதல்களை அடக்கினால் நோய் வரும் என்கிறது நூல். அடக்க வேண்டியவை வேறு. பேராசை, பொறாமை, பகைமை போன்றவை அவை. நாம் என்ன செய்கிறோம்? வரிசை நீள்கிறது என்று நீர் கழிப்பதை அடக்குகிறோம். ஆண்மகன் அழலாகாது என்று கண்ணீரை அடக்குகிறோம். அடுத்தவனுக்குப் பதவி உயர்வு கிடைத்த பொறாமையை மட்டும் அடக்காமல் வளர்க்கிறோம்.

மருந்துகள் வேண்டா என்று யாம் சொல்லவில்லை. வைத்தியர் கொடுத்த சூரணத்தை மூன்று மாதம் உண்டோம். ஆனால் பச்சிலைதானே, தீங்கு செய்யாது என்று தாமே வாங்கி உண்பது தவறு. அமுக்கரா உளைச்சலைக் குறைக்கக்கூடும் என்று சில சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனாலேயே சிலர்க்கு அரிதாகக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாக மருத்துவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். கருவுற்ற மகளிரும், தைராய்டு நோய்க்கு மருந்துண்போரும் வைத்தியரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது. உறக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் வாரக் கணக்கில் நீடித்தால், மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்கவும் கூடாது.

பெருமக்களே, ஜீவனியின் கதையை யாம் பாதியிலே விட்டுவிட்டோம். மறுபாதியும் நாம் அறிய வேண்டியதே. உரிமைத் தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு. இவற்றில் பாதி காணி மக்களுக்கு என்று ஆராய்ச்சி நிலையத்தார் முடிவு செய்தனர். அதனைப் பெறுவதற்காக 1997-இல் காணி மக்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-இல் 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் அதற்கு வழங்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு விலையில் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகோர் இதனைப் போற்றினர். ஆனால் அச்செடியோ தன் காட்டு நிழலை விட்டு வெளியே கொண்டுபோய்ப் பயிரிட்டால் அதே குணத்தைத் தருவதில்லை. காட்டிலிருந்து பறிக்க வனத்துறையின் தடையும் இருந்தது. எனவே, எதிர்பார்த்த அளவு மருந்து செய்யவும் இயலவில்லை. காணிகளுக்கு எதிர்பார்த்த வருவாய் கிட்டவும் இல்லை. மண்ணும் நிழலும் நீரோடையும் சேர்ந்ததே அம்மருந்து. இலையை மட்டும் பிரித்தெடுத்தால் அது முழு மருந்து ஆவதில்லை.

அக்கல்லாற்றுக் காட்டிலேதான் இலட்சுமிக்குட்டி அம்மையாரின் இல்லமும் உள்ளது. காணி குலத்தில் தோன்றி, ஏறத்தாழ 500 மூலிகை மருந்துகளை ஏட்டின் துணையின்றி நினைவிலேயே வைத்திருந்தவர் என்று புகழ்பெற்ற அவர்க்கு, 2018-இல் நம் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. புட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நாம் அறிவோம். அப்புட்டிக்குள் இருக்கும் அறிவு யாருடையது என்று அறிய மாட்டோம். எம்மைப் போல் மலைக்குச் சென்று கைநீட்டிக் கேட்பவர்கள், வாங்கியதற்கு நன்றியேனும் சொல்லிவிட்டு வர வேண்டும். யாம் அன்று அம்முதியவரின் பெயரைக் கூடக் கேளாமல் வந்துவிட்டோம். அவர் வாங்கிக் கொடுத்த தேநீருக்கும், கொடுக்க மறுத்த காய்க்கும் இம்மேடையில் நன்றி கூறுகிறோம்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு உளைச்சல் சிறிது மிகுதிதான். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருப்போரும், அலுவலகத்தில் பணியாற்றுவோரும், இரு மொழியில் பேசி, இரு ஊர்க் கவலைகளைச் சுமக்கிறோம். ஊரில் பெற்றோர், இங்கே பிள்ளைகள். திங்கள் தவறாமல் பணம் அனுப்ப வேண்டும். மலையாள நண்பர்கள் கர்க்கடக மாதம் வந்தால் மருந்துக் கஞ்சி குடித்து உடலைப் பேணுகிறார்கள். நாமோ அதனை ஆடி மாதம் என்று சொல்லித் தள்ளுபடி விற்பனைக்கு ஓடுகிறோம். அண்டை வீட்டாரிடம் மொழியைக் கற்ற நாம், இதனையும் கற்றால் குறைந்துபோக மாட்டோம்.

நிறைவாக ஒன்று. நம் பகலும் இரவும் எந்நிலையில் கழிகின்றன என்று நாள்தோறும் எண்ணிப் பார்க்குமாறு வாக்படர் அறிவுறுத்துகிறார். அன்றாடம் சாளரத்தை மூடியதும் பணத்தை எண்ணிக் கணக்கு முடிப்பவர்கள் யாம். பணம் குறைந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. உறக்கம் குறைந்ததும், பொறுமை குறைந்ததும், குழந்தையிடம் பேசிய சொல் குறைந்ததும் பல ஆண்டுகள் எமக்குத் தெரியவே இல்லை. அக்கணக்கை யாம் எழுதவே இல்லை. இப்போது உள்ளங்காலில் எண்ணெய் தேய்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அதனையும் முடித்துவிட்டுப் படுக்கிறோம். சில நாள் குறைகிறது. மறுநாள் நேர்செய்ய முயல்கிறோம்.

இரத்த அழுத்தம் இன்று மாத்திரையின் துணையோடு அடங்கியிருக்கிறது. எம் மகள் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறாள். இச்சொற்பொழிவை எழுதி முடித்ததும் அவளிடமே முதலில் படித்துக் காட்டினோம். “அப்பா, நீளமாக இருக்கிறது” என்றாள். தன் தாயின் அனுமதியை அவள் கேட்கவில்லை. அவள் சொல்லை மதித்து இத்துடன் அமைகிறோம்.